பிளேட்டை மட்டும் மாற்றுவது கிளட்ச் மாற்றுவதாகாது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கிய போதிலும் விலைகள் எட்டாத உயரத்திலேயே இருப்பதால், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பழைய யப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அவற்றையே செப்பனிட்டு ஓட்டி வருகிறார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிளட்ச் பற்றியவை என்பதால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: எஞ்சினுடன் சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம் பிளைவீல்; அதனுடன் உராய்ந்து சுழற்சியைக் கியர்பொக்ஸுக்குக் கடத்துவது பிளேட்; பிளேட்டைப் பிளைவீலுடன் அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட்.

கேள்வி (ஏறாவூர்): எனது காருக்கு எந்தக் கிளட்ச் நல்லது? விலையும் தெரிவிக்கவும்.

எந்தக் கார், எந்த ஆண்டு, எந்த எஞ்சின், டர்போ உண்டா இல்லையா, தினமும் வேலைக்கு ஓட்டுகிறீர்களா அல்லது பந்தயத்துக்கா என்று ஒன்றையுமே நீங்கள் எழுதவில்லை. சேஸி இலக்கமும் எஞ்சின் குறியீடும் இல்லாமல் கிளட்ச் கேட்பவருக்குக் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கையில் அகப்பட்டதை எடுத்துக் கொடுப்பார்கள். ஸ்பிளைன் (கியர்பொக்ஸ் தண்டில் பிளேட் பொருந்தும் பற்கள்) எண்ணிக்கையோ பிளேட்டின் விட்டமோ பொருந்தாமல் கியர்பொக்ஸ் கழற்றப்பட்ட நிலையில் கார் கிடக்கும். விபரங்களுடன் மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி (காத்தான்குடி): என்னிடம் சிவிக் டைப் ஆர் ஈகே9 இருக்கிறது. எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யவில்லை. ஆறு துண்டுகள் கொண்ட செராமிக் பிளேட்டுடன் 'ஸ்டேஜ் 3' செட் ஒன்று கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்க வேண்டாம். உங்கள் பி16பி எஞ்சினின் முறுக்குவிசை 160 நியூட்டன் மீற்றர் அளவுதான். தரமான ஓகானிக் பிளேட் (சாதாரண கார்களில் வரும் வகை) அதை எந்தச் சிரமமுமின்றித் தாங்கும். 'ஸ்டேஜ்' என்பதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் இரண்டாம் ஸ்டேஜ் இன்னொரு நிறுவனத்தின் முதலாம் ஸ்டேஜைவிடக் குறைவாகத் தாங்கக்கூடும் என்பதால், பெட்டியில் எழுதியிருக்கும் ஸ்டேஜைப் பார்க்காமல், எத்தனை நியூட்டன் மீற்றர் தாங்கும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்; அவரால் சொல்ல முடியாவிட்டால் வேறு கடைக்குச் செல்லுங்கள். செராமிக் துண்டுகள் சட்டென்று பிடிக்கும் இயல்புடையவை. காத்தான்குடிப் பிரதான வீதியின் நெரிசலில் அந்தப் பிளேட்டுடன் ஒரு மணி நேரம் ஊர்ந்து பார்த்தால், காரை விற்கும் எண்ணமே உங்களுக்கு வந்துவிடும்.

கேள்வி (அம்பாறை): லான்சர் எவோ 9. டர்போவின் பூஸ்டைக் (காற்றழுத்தத்தை) கூட்டிய பின்னர், எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் 500 நியூட்டன் மீற்றர் காட்டியது. இப்போது மூன்றாம் கியரில் பூஸ்ட் ஏறும்போது ஆர்பிஎம் எகிறுகிறது, வேகம் கூடவில்லை. ஏப்ரலில் நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் கலந்துகொள்ள விருப்பம். எதைப் போடலாம்?

நல்ல கேள்வி, தேவையான விபரங்களுடன் எழுதியிருக்கிறீர்கள். கிளட்ச் தாங்கும் முறுக்குவிசையை நான்கு காரணிகள் தீர்மானிக்கின்றன: பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, உராய்வுப் பொருளின் பிடிமானம், உராய்வு வளையத்தின் சராசரி ஆரை, உராயும் முகங்களின் எண்ணிக்கை. இவற்றில் ஆரையை பிளைவீலின் அளவு கட்டுப்படுத்திவிடுகிறது. அழுத்தும் விசையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் பெடல் கல்லாகிவிடும் என்பது மட்டுமல்ல, பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்கின் திரஸ்ட் பெயரிங் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்கும். பிடிமானத்தைக் கூட்டினால் மென்மை குறையும். ஆகவே 500ஐத் தாண்டும் காருக்கு முகங்களைக் கூட்டுவதே முறையான வழி: ஸ்பிரிங் வைத்த ஹப்புடன் கூடிய இரட்டைப் பிளேட் செட் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எஞ்சின் தருவதைவிட 25 முதல் 30 வீதம் கூடுதலாக, அதாவது சுமார் 650 நியூட்டன் மீற்றர் தாங்குவது உங்களுக்குப் போதும். ஆயிரம் தாங்குவதை வாங்கினால் அடுத்து உடைவது கியர்பொக்ஸ்தான்.

எவோ 9இன் கிளட்ச், பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளாமல் இழுத்து விடுவிக்கும் வகையைச் சேர்ந்தது என்பதால், அந்த வேலையைச் செய்யும் ரிலீஸ் பெயரிங்கையும் அதற்குரியதாகவே எடுங்கள். செலவு செய்வதற்கு முன் பெடலில் சுயாதீன அசைவு இருக்கிறதா, கிளட்சை மூடியிருக்கும் பெல்ஹவுசிங்கின் அடியில் ஒயில் கசிகிறதா என்று பாருங்கள். ஒயில் நனைத்த பிளேட்டும் இதே போலத்தான் வழுக்கும். கசிவை நிறுத்தாமல் போடும் இரட்டைப் பிளேட்டும் நனைந்துபோகும்.

கேள்வி (கல்முனை): மூவாயிரம் கிலோமீற்றருக்கு முன்னர் புதிய பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் போட்டேன். பிளைவீல் நன்றாக இருக்கிறது என்று கராஜில் எமரித் தாளால் தேய்த்துப் பூட்டினார்கள். இப்போது முதலாம் கியரில் எடுக்கும்போது கார் முழுவதும் நடுங்குகிறது. பிளேட் போலியா?

பிளேட் போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் கடிதம் வேறு வேறு ஊர்ப் பெயர்களுடன் எனக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எமரித் தாள் என்ற சொல்லைக் காணும்போது எனக்கு மனம் நோகிறது. ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்துப் பிளேட் வாங்கி, ஒரு நாள் முழுவதும் பாடுபட்டுக் கியர்பொக்ஸை இறக்கிய பிறகு, அந்தப் பிளேட் உராய வேண்டிய முகத்தை மட்டும் பழைய நிலையிலேயே விட்டுவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நடப்பது இதுதான். பழைய பிளேட் ஓடிய பிளைவீலின் முகத்தில் மெல்லிய பள்ளங்களும், உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத சரிவும் உண்டாகியிருக்கும். புதிய பிளேட்டின் முகம் தட்டையானது. இரண்டும் முழுமையாகச் சேராமல் மேடுகளில் மட்டும் தொடுவதால், முழுப் பரப்பும் பகிர்ந்துகொள்ள வேண்டிய வெப்பம் அந்தச் சில இடங்களில் குவிகிறது. வழுக்கிச் சூடேறிய வார்ப்பிரும்பு உடனே குளிரும்போது அந்த இடம் நீலம் பாய்ந்து, சுற்றியுள்ள இரும்பைவிடக் கடினமாகிவிடுகிறது. எமரித் தாள் நீல நிறத்தைத் துடைத்துவிடும், கடினத்தைத் தொடாது. மென்மையான பகுதி தேய, கடினமான புள்ளி மேடாக எஞ்சி நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் பிளேட் அந்த மேட்டைப் பிடித்து விடுவதைத்தான் நீங்கள் நடுக்கமாக உணர்கிறீர்கள்.

லேத்தில் கடைவதும் இதற்கு முழுமையான தீர்வல்ல, ஏனெனில் கடினமான புள்ளி வந்ததும் கடைசல் உளி அதன்மேல் ஏறி இறங்கிவிடும். கல் கொண்டு கிரைண்ட் செய்வதே சரியான முறை. உங்கள் ஊரில் அதற்குரிய இயந்திரம் இல்லையென்றால், பிளைவீலைக் கழற்றிக் கொழும்புக்கு பஸ்ஸில் அனுப்பிவிட்டு இரண்டு நாட்கள் காத்திருங்கள். வேலையை இரண்டாம் முறை செய்வதைவிட அது மலிவானது. சில பிளைவீல்களில் உராயும் முகமும் பிரஷர் பிளேட் அமரும் முகமும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. உராயும் முகத்தில் எவ்வளவு எடுக்கிறார்களோ அதே அளவு மற்ற முகத்திலும் எடுத்து, இடைப்பட்ட உயரத்தைக் கையேட்டில் உள்ளபடி காக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தும் விசை குறைந்து கிளட்ச் வழுக்கும். இதைப் பட்டறையில் வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள். அதிர்வை உள்வாங்குவதற்காக இரண்டு பகுதிகளாகச் செய்யப்பட்ட இரட்டை நிறை பிளைவீலைக் கிரைண்ட் செய்யாதீர்கள், கெட்டிருந்தால் மாற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது கிராங்கின் முகத்தைத் துடைத்து, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பிளைவீலைச் சுற்றிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 0.1 மில்லிமீற்றர் அளவுக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது. ஒரு தடவை மாத்திரம் பயன்படுத்த வேண்டிய போல்ட்டுகள் என்று கையேடு கூறினால் புதியவற்றையே போடுங்கள்.

உங்கள் விடயத்தில், எஞ்சின் மவுண்டுகள் கிழிந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவையும் நடுக்கம் தரும். அவை சரியாக இருந்தால் கியர்பொக்ஸை இறக்கத்தான் வேண்டும். பிளேட்டில் ஒயில் படாமலும் கருகாமலும் இருந்தால் அதையே மீண்டும் பயன்படுத்தலாம்.

கேள்வி (அக்கரைப்பற்று): மஸ்டா ஆர்எக்ஸ்-8, ஆறு கியர். பாரம் குறைந்த பிளைவீல் போட விரும்புகிறேன். கவனிக்க வேண்டியவை?

முக்கியமானது எதிரெடை. இந்தக் காரின் மெனுவல் பிளைவீலில் ரோட்டரி எஞ்சினைச் சமன்செய்யும் எதிரெடை அதனுடனேயே சேர்ந்திருக்கிறது. பாரம் குறைந்த பிளைவீல்களில் அது இருக்காது; ஓட்டோ கியர் காருக்குரிய பின்புற எதிரெடையைத் தனியாக வாங்கி அதன்மேல் பிளைவீலைப் பூட்ட வேண்டும். நடுவில் இருக்கும் 54 மில்லிமீற்றர் நட்டை 400 நியூட்டன் மீற்றருக்கு மேல் இறுக்க வேண்டியிருப்பதால், சுத்தியலும் உளியும் கொண்டு இறுக்கும் இடத்தில் காரை விடாதீர்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 9000 சுற்றுவரை போவதால், அந்த வேகத்தைத் தாங்குவதாகச் சோதிக்கப்பட்ட உருக்குப் பிளைவீலையே வாங்குங்கள். உங்கள் காரின் முறுக்குவிசை 220க்கும் குறைவு. சாதாரண ஓகானிக் பிளேட்டே போதும்.

கேள்வி (கல்லடி): மாரி முழுவதும் கார் ஓடாமல் நின்றது. இப்போது பெடலை மிதித்தாலும் கியர் விழவில்லை.

கடற்காற்றும் மாரி ஈரமும் சேர்ந்து பிளைவீலில் துரு பிடித்து, பிளேட் அதனுடன் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். பெடலை ஒருவர் மிதிக்க, ரிலீஸ் பெயரிங்கை அசைக்கும் ஃபோர்க் முழுத் தூரம் அசைகிறதா என்று முதலில் பாருங்கள். அசையாவிட்டால் கோளாறு, பெடலின் விசையைத் திரவத்தால் கடத்தும் ஹைட்ரோலிக்கில் இருக்கிறது. அசைந்தால், எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, ஆட்களும் வாகனங்களும் இல்லாத திறந்த மைதானத்தில் இரண்டாம் கியரில் பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்து, எக்ஸலரேட்டரை அழுத்தியும் விட்டும் ஓட்டுங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். விட்ட பின் நடுக்கம் தொடர்ந்தால், மேலே கல்முனை வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்: பிளைவீலைக் கிரைண்ட் செய்யாமல் பிளேட்டை மட்டும் மாற்றாதீர்கள்.

கேள்வி (சம்மாந்துறை): புதிய கிளட்ச் போட்டுக் கொழும்புக்குப் போய் வந்தேன். 600 கிலோமீற்றருக்கு மேல் ஓடிவிட்டது. இனி வேகமாக எடுக்கலாமா?

இன்னும் இல்லை. ரன்னிங் இன் (புதிய பிளேட்டைப் பழக்கி எடுப்பது) என்பது ஓடிய தூரத்தால் ஆவதன்று, கிளட்ச் பிடித்து விட்ட தடவைகளால் ஆவது. மன்னம்பிட்டியையும் ஹபரணையையும் ஐந்தாம் கியரிலேயே கடந்து போனபோது பிளேட் பிளைவீலுடன் சேர்ந்து சுற்றியதே தவிர உராயவில்லை. அந்த 600இல் நூறைக்கூட நான் கணக்கில் எடுக்கமாட்டேன். ஓகானிக் பிளேட்டுக்கு ஊருக்குள், கியர் மாற்றி மாற்றி, சுமார் 800 கிலோமீற்றர் ஓடுங்கள். கெவ்லார் நாரால் ஆன பிளேட் என்றால் ஆயிரத்துக்கு மேல் வையுங்கள். ஆரம்பத்தில் அது அதிகம் சூடாகினால் முகம் பளபளத்துப் பிடிமானத்தை இழந்துவிடும். அதுவரை உயர்ந்த ஆர்பிஎம்மில் பெடலை விடுவது, முழு எக்ஸலரேட்டர், ஏற்றத்தில் அரைக் கிளட்சில் நிறுத்தி வைப்பது எதுவும் வேண்டாம். செங்கலடியிலிருந்து பதுளைக்கு லுணுகலை, பசறை வளைவுகள் வழியாக ஏறும் எண்ணம் இருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள். முதல் சில நாட்களில் இலேசான வாசனை வருவது இயல்பு. புகை வருவது இயல்பன்று.

கேள்வி (வாழைச்சேனை): 2003 இம்பிரேசா டபிள்யூஆர்எக்ஸ். எல்லாப் போல்ட்டும் கழற்றியும் கியர்பொக்ஸ் பிரியவில்லை.

எவோ 9 போல அதுவும் இழுத்து விடுவிக்கும் வகைதான். பெல்ஹவுசிங்கின் பக்கத்திலுள்ள மூடியைக் கழற்றி ஃபோர்க்கின் தண்டை வெளியே இழுங்கள். அதன் பிறகே பிரியும். நெம்புகோல் போடாதீர்கள். கழற்றும்போதும் பூட்டும்போதும் கியர்பொக்ஸின் பாரத்தை இன்புட் தண்டில் தொங்கவிட்டால் பிளேட்டின் ஹப் வளைந்துவிடும் என்பதால் அதன் அடியில் வைத்த ஜாக்கை அகற்றாதீர்கள்.

கேள்வி (பொத்துவில்): கிளட்ச் போட்டு இரண்டு வாரம். அறுகம்பேயில் மணலில் கார் புதைந்துவிட்டது. அரை மணி நேரம் முயன்று வெளியே எடுத்தோம். புகை வந்தது. பிளேட்டுக்கு உத்தரவாதம் கேட்கலாமா?

கேட்க முடியாது, கேட்பதும் சரியன்று. ரன்னிங் இன் முடியாத பிளேட்டை அரை மணி நேரம் எரித்திருக்கிறீர்கள். கயிறு கட்டி இழுக்க ஓர் உழவு இயந்திரம் அங்கே நிச்சயம் கிடைத்திருக்கும். இரண்டு நாள் மெதுவாக ஓட்டிவிட்டு, நாலாம் கியரில் முழு எக்ஸலரேட்டர் கொடுத்து ஒரே ஒரு முறை சோதியுங்கள். வழுக்கினால் இறக்குங்கள், இறக்கினால் பிளைவீலையும் கழற்றுங்கள்.

கேள்வி (செங்கலடி): நிசான் 350இசட். இரட்டை நிறை பிளைவீலை மாற்றி ஒற்றை நிறை பிளைவீல் போட்ட பின் நியூட்ரலில் கடகடவென்று சத்தம். பெடலை மிதித்தால் நிற்கிறது.

கியர்பொக்ஸின் பற்கள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் அது. இரட்டை நிறை பிளைவீல் உள்வாங்கிக்கொண்ட அதிர்வை இப்போது கியர்பொக்ஸ் பெறுகிறது, தீங்கில்லை. பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பெயரிங்கைச் சந்தேகியுங்கள்.

கேள்வி (களுவாஞ்சிகுடி): கிளட்ச் ஹைட்ரோலிக்கில் டொட் 3 திரவத்துக்குப் பதிலாக டொட் 5 ஊற்றலாமா?

கூடாது. டொட் 5 சிலிக்கோன் வகை, மற்றவற்றுடன் கலக்காது. டொட் 4 ஊற்றலாம். நமது ஈரக் காற்றில் திரவம் நீரை விரைவில் உறிஞ்சுவதால் இரண்டு ஆண்டுக்கொரு முறை முழுவதையும் மாற்றி, காற்று எடுத்து விடுங்கள்.