கேள்வி பதில்: காத்தாடி வந்தது, வித்தை வந்ததா?

கேள்வி: டிப்ளமா முடித்துவிட்டு முப்பந்தலில் காற்றாலை சர்வீஸ் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து இவ்வளவு காலமாகியும் காற்றாலையின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போர்டு போனால் கழற்றி அனுப்பிவிட்டுக் காத்துக் கிடக்கிறோம். தொழில்நுட்பம் நம் கைக்கு வந்ததா இல்லையா? (வாசகர், ஆரல்வாய்மொழி)

பதில்: பாதி வந்திருக்கிறது தம்பி. டவர், இறக்கை, கியர்பாக்ஸ் எல்லாம் இந்தியாவிலேயே செய்கிறார்கள், ஆடிக்காற்று அடிக்கிற நேரத்திலும் மேலே ஏறிப் பழுது பார்க்க உங்களைப் போன்ற ஆட்கள் இங்கேயே தயாராகியிருக்கிறீர்கள், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். வராதது எதுவென்றால், இறக்கை ஏன் அந்த அளவுக்கு வளைந்திருக்கிறது, காற்றின் வேகம் மாறும்போது கன்ட்ரோலர் உள்ளே என்ன கணக்குப் போடுகிறது என்கிற அறிவு. வரைபடத்தைக் கொடுப்பார்கள், அந்த வரைபடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைக் கொடுக்க மாட்டார்கள்.

1990-களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நட்ட 225 கிலோவாட் காத்தாடிகளில் பல, டென்மார்க்கின் வெஸ்டாஸ், மைக்கான் வடிவமைப்பில் இங்குள்ள கூட்டாளிகள் செய்தவை. 1995-ல் துள்சி தந்தி ஆரம்பித்த சுஸ்லான் என்ற இந்தியக் காற்றாலைக் கம்பெனியும் ஜெர்மனியின் சூட்விண்ட் கம்பெனியோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் போட்டுத்தான் கிளம்பியது. அப்புறம் சூட்விண்ட் நொடித்துப்போனபோது அதன் பொறியாளர்களையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனமான காரியம் அதுதான் என்பேன், ஏனென்றால் ஒப்பந்தக் காகிதத்தில் எழுத முடியாதது எல்லாம் அந்த ஆட்களின் தலைக்குள் இருந்தது. 2007-ல் ரீபவர் என்ற பெரிய ஜெர்மன் கம்பெனியையே விலைக்கு வாங்கினார்கள், ஆனால் சிறு பங்குதாரர்களைக் காக்கும் ஜெர்மன் சட்டம் குறுக்கே நின்றதால் அதன் தொழில்நுட்பத்தை நினைத்த மாத்திரத்தில் எடுத்துக்கொள்ள முடியவில்லை, கடைசியில் கடன் நெருக்கி 2015-ல் விற்றுவிட்டார்கள். காசு கொடுத்துக் கம்பெனியையே வாங்கினாலும் வித்தை கூடவே வந்துவிடும் என்று இல்லை.

நீங்கள் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு முறை மெஷின் நிற்கும்போதும் காற்று வேகம், சூடு, எந்த எரர் என்று குறித்து வையுங்கள், பவர் எலக்ட்ரானிக்ஸ் படியுங்கள். டென்மார்க் அரசின் உதவியோடு 1998-ல் தொடங்கிய தேசிய காற்றாலை ஆய்வு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அதன் சோதனை நிலையம் கயத்தாற்றில், உங்களுக்குப் பக்கம்தான். பயிற்சி வகுப்புகளும் நடத்துகிறார்கள், விசாரியுங்கள்.

கேள்வி: தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதற்காக வெளிநாட்டுக் கம்பெனிக்கு ராயல்டி கட்டுவது நமக்கு நஷ்டம்தானே? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: தொகையைவிட நிபந்தனையைப் பாருங்கள். உள்நாட்டு விற்பனையில் 5 சதவீதம், ஏற்றுமதியில் 8 சதவீதம் என்று ராயல்டிக்கு இருந்த உச்சவரம்பை 2009 டிசம்பரில் மத்திய அரசு எடுத்துவிட்டது. என்னைக் கேட்டால், "உதிரிபாகத்தை எங்களிடமே வாங்கு", "வேறு நாட்டுக்கு விற்காதே", "நீ செய்த மேம்பாட்டை எங்களுக்கே கொடு" என்கிற வரிகள்தான் ராயல்டியைவிட ஆபத்து.

கேள்வி: வள்ளத்தை நம்ம ஊர் ஆட்களே கட்டுகிறார்கள். இன்ஜின் மட்டும் இன்னும் ஜப்பான் கம்பெனியுடையதாகவே இருக்கிறதே, ஏன்? (வாசகி, குளச்சல்)

பதில்: நல்ல கேள்வி அம்மா. கட்டுமரத்துக்கான மரம் கிடைப்பது அரிதாகி விலை ஏறிய காலத்தில், 1980-களில், முட்டத்தில் பியர் ஜிலே என்ற வெளிநாட்டுக்காரரும் உள்ளூர் ஆட்களும் சேர்ந்து பிளைவுட் வள்ளம் கட்டிப் பார்த்தார்கள். பிளைவுட் பலகையின் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து இழுத்து, தையலின் மேல் கண்ணாடி நாரும் ரெசினும் ஒட்டுகிற முறை அது. கற்றுக்கொள்கிறவர் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள், எதையும் மறைக்கவில்லை, அலையில் எங்கே உடைகிறது என்று மீனவர்கள் சொல்லச் சொல்லத் திருத்தினார்கள். அதனால் அது இங்கே தங்கிவிட்டது.

இன்ஜின் கதை வேறு. உப்புத் தண்ணீரில் அரிக்காத உலோகக் கலவை, நுணுக்கமான வார்ப்பு, சீல், கியர் எல்லாம் அந்தக் கம்பெனியின் தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கிறது. நாம் இன்ஜினும் உதிரிபாகமும் வாங்கிக்கொண்டே இருக்கும்வரை அதை வெளியே கொடுக்க அவர்களுக்கு என்ன அவசியம்? கடற்கரை மாவட்டங்கள் ஒன்றாகச் சேர்ந்து, இங்கே செய்தால்தான் மொத்தமாக வாங்குவோம் என்று அரசு மூலம் பேரம் பேசியிருக்க வேண்டும். இப்போதும் பேசலாம்.

கேள்வி: மணவாளக்குறிச்சி மணலை அள்ளிக்கொண்டே போகிறார்கள். மின்சார வண்டிக்கு வேண்டிய காந்தம் மட்டும் ஏன் சீனாவிலிருந்து வருகிறது? (வாசகர், கிள்ளியூர்)

பதில்: 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர் நம் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது இருப்பதைக் கண்டுபிடித்தார். காஸ் விளக்கு மேன்டிலுக்கு வேண்டிய தோரியத்துக்காக மணல் கப்பலேறியது. அதே மோனசைட்டில் மின்சார வண்டிக் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் என்ற உலோகமும் இருக்கிறது. ஆனால் மணலிலிருந்து ஆக்சைடு, ஆக்சைடிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து கலவை, அப்புறம்தான் காந்தம். ஒவ்வொரு படியும் தனி வித்தை.

நியோடிமியக் காந்தத்தை 1980-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் சுமிட்டோமோவும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் காந்தக் கம்பெனியான மேக்னக்வென்ச்சை 1995-ல் விற்றது, வாங்கிய குழுவில் சீனக் கம்பெனிகளும் இருந்தன. சில ஆண்டுகளில் அமெரிக்கத் தொழிற்சாலையை மூடி உற்பத்தியைச் சீனாவுக்கே கொண்டுபோய்விட்டார்கள். சீனா மணலோடும் தாதுவோடும் நிற்காமல் கடைசிப் படிவரை கற்றுக்கொண்டது. அதனால்தான் 2025 ஏப்ரலில் அது ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் இங்குள்ள வாகனக் கம்பெனிகள் திண்டாடின.

உங்கள் பகுதியில் மணல் எடுப்பதை மக்கள் எதிர்ப்பது கதிரியக்கத்தையும் கடலரிப்பையும் நினைத்து, அந்தப் பயம் நியாயமானது. அதோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்: உலோகமும் காந்தமும் செய்யும் ஆலை எப்போது வரும், அதில் நம் பிள்ளைகளுக்கு என்ன கற்றுத் தருவார்கள்? அதற்குப் பதில் இல்லாமல் இன்னும் ஆயிரம் லோடு மணல் அள்ளினாலும் சீனாவிடம் காந்தம் வாங்குவது நிற்காது.