‘முடிவுவரை நிலைத்திருத்தல்’: இறையியல் ஆய்வேட்டுக்கு லத்தீன் எவ்வளவு வேண்டும்?

கிறிஸ்தவ விசுவாசத்தில் முடிவுவரை நிலைத்திருப்பது பற்றி முதுகலை ஆய்வேடு எழுத விரும்புகிறீர்கள். அதற்கு லத்தீன் கட்டாயமா, படித்தால் வேலை கிடைக்குமா என்று வீட்டில் கவலைப்படுகிறார்கள். லத்தீன் கட்டாயம்தான். இரண்டு பருவமாவது முறையாகப் படித்துவிட்டுத் தலைப்பைப் பதிவு செய்யுங்கள்.

காரணம் இதோ. மத்தேயு 10:22-ல் ‘முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான்’ என்று படிக்கிறோம். கிரேக்கத்தில் அது ‘ஹுபொமெனோ’ என்ற வினை. வுல்காத்தா என்ற லத்தீன் வேதாகம மொழிபெயர்ப்பில் ‘பெர்செவெராரே’, அதாவது நிலைத்திருத்தல். அந்தக் கிரேக்க வினையின் பெயர்ச்சொல்லே லூக்கா 21:19-ல் வருகிறது, ஆனால் லத்தீன் அங்கே ‘பாதியென்தியா’ என்கிறது, தமிழும் ‘பொறுமை’ என்கிறது. அப்போஸ்தலர் 2:42-ல் கிரேக்கச் சொல்லே வேறு, லத்தீனில் மட்டும் மறுபடியும் ‘பெர்செவெராரே’. ஆக, ஒரு மொழியின் சொல்லடைவை (ஒவ்வொரு சொல்லும் வரும் வசனங்களின் பட்டியலை) மட்டும் நம்பி வசனங்களைத் திரட்டினால் வேண்டியது விடுபடும், வேண்டாதது சேரும். வாய்மொழித் தேர்வில் முதல் அடி விழும் இடம் இதுதான்.

அடுத்த குழப்பம் இன்னும் ஆழமானது. அந்த லத்தீன் வினையின் பெயர்ச்சொல்லான ‘பெர்செவெராந்தியா’ என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் உலவுகின்றன. ஒன்று நற்பண்பு. பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசரோ அதைத் துணிவின் நான்கு பகுதிகளில் ஒன்றாக வைத்து, நன்கு ஆராய்ந்து எடுத்த முடிவில் அசையாமல் தொடர்ந்து நிற்பது என்று வரையறுத்தார். அதை ஒட்டியே இருக்கும் குற்றம் ‘பெர்தினாகியா’, அதாவது பிடிவாதம் என்றும் எச்சரித்தார். மற்றொன்று கடவுளின் கொடை. ஏறத்தாழ கி.பி. 428-29-ல் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் இதற்கென்றே தனி நூல் எழுதினார். கர்த்தருடைய ஜெபத்தின் விண்ணப்பங்களை மூன்றாம் நூற்றாண்டு ஆயர் சிப்ரியானின் விளக்கத்தோடு ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றில் நாம் கேட்பது பெரும்பாலும் இந்தக் கொடையைத்தான் என்று காட்டுகிறார். உயிரோடிருக்கும்வரை தனக்கு அது கிடைத்துவிட்டதென்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பதும் அவர் வாதம்.

இவ்விரண்டும் சந்திக்கும் இடம் இடைக்கால இறையியலாளர் தோமா அக்வினாஸின் ‘சும்மா தெயொலொகியே’, இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதி, 137-ஆம் வினா. அதன் நான்காம் பிரிவை வரி வரியாகப் படியுங்கள். பண்பாக அது மனதில் ஊன்றியிருப்பது வேறு, சாகும்வரை செயலில் நீடிப்பது வேறு என்று அங்கே பிரிக்கிறார். பின்னதற்கு, ஏற்கெனவே பெற்ற அருளோடு கடவுளின் மேலான உதவியும் வேண்டும். 138-ஆம் வினாவில் ஒருபுறம் தளர்ச்சி, மறுபுறம் பிடிவாதம் என இரு எதிர்க்குற்றங்கள்.

பிற்காலச் சர்ச்சைகளைப் பழைய நூல்களில் ஏற்றிப் படிப்பது மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. 1618-19-ல் கூடிய, சீர்திருத்தத் திருச்சபைகளின் மாமன்றமான டோர்ட் சினட், மெய்யாகவே மறுபிறப்படைந்தவர்கள் (அதாவது கடவுளின் அருளால் புதுவாழ்வு பெற்றவர்கள்) முற்றிலும் விழுந்துபோவதில்லை என்றது. (அவர்கள் கொடிய பாவத்தில் விழக்கூடும் என்றும் அதே பகுதி ஒப்புக்கொள்கிறது, இதைப் பலர் படிப்பதே இல்லை.) அகுஸ்தீனோ மறுபிறப்படைந்தவர்களிலும் சிலருக்கு இந்தக் கொடை தரப்படவில்லை என்கிறார். 1547-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், சிறப்பு வெளிப்பாடு இன்றி யாரும் இதில் முழு நிச்சயம் கொள்ள முடியாது என்றது. மூன்றையும் ஒரே ஆய்வேட்டில் அடக்காதீர்கள். ஓர் ஆசிரியர், ஒரு நூல், ஒரு கேள்வி போதும்.

படிக்கும் வரிசை: முதலில் வுல்காத்தா நற்செய்திகள், பிறகு அக்வினாஸ், அதன்பின் அகுஸ்தீன், கடைசியில் சிசரோ. அக்வினாஸின் வாக்கிய அமைப்புகள் திரும்பத் திரும்ப வருவதால் தொடக்கநிலை மாணவருக்கும் கைவசமாகும். அகராதியிலும் கவனம் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு லத்தீன் அகராதி ஏறத்தாழ கி.பி. 200-உடன் நின்றுவிடுகிறது. அகுஸ்தீனுக்கு லூயிஸ்-ஷார்ட் லத்தீன் அகராதியையோ, கிறிஸ்தவ லத்தீனுக்கான பிளேஸ் அகராதியையோ பாருங்கள்.

பெற்றோருக்கு: இந்தப் படிப்பின் கதவுகள் குறுகலானவை, ஆனால் இருக்கின்றன. இறையியல் கல்லூரி ஆசிரியப் பணி, திருச்சபை ஆவணக் காப்பகம், மொழிபெயர்ப்பு, சமயப் பதிப்பகம், கத்தோலிக்கராயின் திருச்சபைச் சட்டம். கத்தோலிக்க குருமடத்தில் இறையியல் கற்பிக்க, திருப்பீடம் (போப்பின் ஆட்சிப்பீடம்) ஏற்ற பல்கலைக்கழகத்தின் லைசென்சியேட் (முனைவர் பட்டத்துக்கு முந்தைய பட்டம்) அல்லது முனைவர் பட்டம் வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 253-ஆம் விதி. ஆகவே கட்டணம் கட்டுவதற்கு முன், அந்த நிறுவனம் தரும் பட்டத்தை யார் ஏற்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.