யாப்பைத் துறந்தாரா பேராசிரியர்?

கேள்வி: மு. மேத்தா தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். யாப்பைக் கற்பிக்க வேண்டிய அவரே அதை உதறிவிட்டு, உரைநடையை ஒடித்துப் போட்டுக் கவிதை என்றார். பிறகு சினிமாவுக்கும் போனார். இப்படிப்பட்டவருக்குச் சாகித்திய அகாதெமி விருது எதற்கு? நம் கொடைக்கானல் மலையடிவாரத்துக்காரர் என்பதால்தான் உங்கள் இதழ் அவரைத் தூக்கிப் பிடிக்கிறதா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பண்ணைக்காடு.

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் சினம் இருக்கும் அளவுக்கு வாசிப்பு இல்லை. விருதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2006-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அவருடைய ‘ஆகாயத்துக்கு அடுத்த வீடு’ என்ற கவிதைத் தொகுப்புக்குக் கிடைத்தது, திரைப்பாடலுக்கு அன்று. அந்தத் தொகுப்பைப் படித்துவிட்டு அது தகுதியற்றது என்று நீங்கள் எழுதியிருந்தால் அதற்கு வேறு மாதிரி மறுமொழி சொல்லியிருப்பேன்.

யாப்பு தெரியாதவர்களின் புகலிடம் புதுக்கவிதை என்பது ஐம்பது ஆண்டுகளாகத் தமிழாசிரியர்கள் சிலர் விடாமல் சொல்லிவரும் பேச்சு. மேத்தாவைப் பொறுத்தவரை அது பொருந்தாது. சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பித்த அவர், மரபுக்கவிதையில் கை பழகிய பிறகே புதுக்கவிதைக்கு வந்தவர். 1974-இல் வெளிவந்த ‘கண்ணீர்ப் பூக்க’ளில் காந்தியை நோக்கிப் பேசும் நெடுங்கவிதை ஒன்று உண்டு, அதன் தலைப்பு ‘தேசப் பிதாவுக்கு ஒரு தெருப் பாடகனின் அஞ்சலி’. அங்கே பேசுகிறவன் அவைப்புலவன் அல்லன், தெருவில் நிற்கிறவன். அதையே சீர் தட்டாத எண்சீர் விருத்தத்தில் எழுதியிருந்தால், அக்டோபர் 2 அன்று பள்ளிக்கூட மேடையில் வாசித்துவிட்டு மடித்து வைக்கும் வாழ்த்துப்பாவாகத்தான் அது முடிந்திருக்கும். எந்தக் குரலுக்கு எந்த வடிவம் என்று முடிவு செய்வதும் யாப்பறிவின் ஒரு பகுதிதான், ஐயா.

சினிமாவுக்குப் போனதைக் குற்றமாகச் சொல்கிறீர்கள். 1987-இல் வந்த ‘இரட்டை வால் குருவி’ படத்துக்கு அவர் எழுதிய பாடலின் முதல் வரியை மட்டும் அலகிட்டுப் பாருங்கள்: ராஜ / ராஜ / சோழன் / நான். முதல் மூன்று சீர்களும் ‘தேமா’ என்னும் வாய்பாடு. கடைசிச் சீர், வெண்பாவின் முடிவில் நாம் மாணவர்களுக்குக் காட்டுகிற அதே ‘நாள்’. பேராசிரியர் யாப்பை எங்கேயும் தொலைத்துவிடவில்லை. நீங்கள் வகுப்பில் கரும்பலகையில் எழுதியதைத்தான் இளையராஜாவின் இசையில் யேசுதாஸ் பாடினார்.

ஊர்ப்பாசம் என்ற குற்றச்சாட்டைப் பாதி ஒப்புக்கொள்ளலாம். மேத்தா பிறந்தது 1945-இல், பெரியகுளத்தில். ஆனால் அடிவாரப் பெருமை பேசுவதானால் அதை முழுதாகப் பேச வேண்டும். 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிப் புதுக்கவிதைக்கு நிலையான இடம் அமைத்துக் கொடுத்த சி. சு. செல்லப்பா வளர்ந்த ஊர் வத்தலக்குண்டு. நீங்களும் நானும் கொடைக்கானலுக்கு பஸ் ஏறுகிற அதே வத்தலக்குண்டு. ‘மணிக்கொடி’ இலக்கிய இதழை நடத்திய பி. எஸ். ராமையாவும் அந்த ஊர்க்காரரே. ஒரே மலையின் அடியில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களும் புதுக்கவிதையின் இரண்டு முகாம்களுக்கு ஆள் கொடுத்திருக்கின்றன என்பதும், அந்த முகாம்கள் ஒன்றையொன்று சற்றும் மதிக்கவில்லை என்பதும் எனக்குச் சுவையான செய்தியாகவே படுகிறது. ‘எழுத்து’ வழிவந்தவர்கள் அகத்தை நோக்கி, தணிந்த குரலில் எழுதினார்கள். 1971-இல் கோவையிலிருந்து ‘விலையிலாக் கவிமடல்’ என்று வெளிவந்த ‘வானம்பாடி’ இதழைச் சார்ந்தவர்களோ வறுமையையும் அதிகாரத்தையும் நேராகப் பார்த்து உரக்கப் பேசினார்கள். சிற்பி பாலசுப்பிரமணியம், மேத்தா என அவர்களில் பலர் தமிழ்ப் பேராசிரியர்கள். அதனாலேயே புதுக்கவிதை சிற்றிதழ் வாசகர்களைத் தாண்டிக் கல்லூரி வகுப்பறைக்குள்ளும், மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களுக்குள்ளும் நுழைந்தது. யாப்பை மட்டுமே கவிதை என்று நம்பிய தமிழ்த் துறைகளுக்குள் இருந்துகொண்டே இதைச் செய்தது சிறிய காரியம் அன்று.

இதனால் மேத்தாவின் எல்லா வரிகளுக்கும் நான் வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். உவமையின் மேல் உவமையை அடுக்கி, கைதட்டலுக்கு இடம் விட்டு நிறுத்துகிற மேடைப் பழக்கம் அவரிடம் உண்டு. மௌனம் போதுமான இடத்திலும் அவர் விளக்கம் சொல்லிவிடுவார். வகுப்பெடுத்த பழக்கம் போலும். சிற்றிதழ் விமர்சகர்கள் வானம்பாடிகளைக் கடிந்து எழுதியதில் நியாயமான பகுதி இதுதான். நீங்கள் இதைச் சொல்லியிருந்தால் நானும் உடன்பட்டிருப்பேன். நீங்களோ கவிதையை விட்டுவிட்டு அவருடைய உத்தியோகத்தோடு சண்டைக்குப் போகிறீர்கள்.

‘கண்ணீர்ப் பூக்கள்’ பல பதிப்புகள் கண்ட நூல். நூலகத்தில் கேட்டால் கிடைக்கும். அதிலிருந்து கவிதையே அல்ல என்று நீங்கள் கருதும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காரணங்களோடு எழுதி அனுப்புங்கள். ஒரு வரியும் வெட்டாமல் அடுத்த இதழில் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.