மார்மன், குவேக்கர், பெந்தெகொஸ்தே: கடவுள் யாரிடம் பேசுகிறார்?

மூன்றும் புராட்டஸ்டன்ட் பிரிவுகள்தானே? அப்படியானால் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பெந்தெகொஸ்தே சபைகளை மட்டும்தான் தயங்காமல் அப்படிச் சொல்லலாம். குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மதக் குழப்பத்துக்குள் பிறந்தவர்கள். வேர் புராட்டஸ்டன்ட்தான், ஆனால் இன்றைக்கு அவர்களில் சிலர் தங்களைக் கிறிஸ்தவர் என்றே சொல்லிக்கொள்வதில்லை. மார்மன்களோ புராட்டஸ்டன்ட் என்ற பெயரையே ஏற்பதில்லை. பழைய சபையைச் சீர்திருத்தவில்லை, தொலைந்துபோன சபையை மீட்டிருக்கிறோம் என்பது அவர்கள் கட்சி.

குழம்பாமல் இருக்க நான் எப்போதும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்வேன். வேதாகமத்தோடு கடவுள் பேசி முடித்துவிட்டாரா? முடித்துவிட்டார் என்பது பழைய புராட்டஸ்டன்ட் சபைகளின் பொதுவான நிலை. இந்த மூவரும் 'இல்லை, இன்றைக்கும் பேசுகிறார்' என்பவர்கள். யாரிடம் என்பதில்தான் பிரிகிறார்கள். மார்மனுக்கு, உயிரோடு இருக்கும் ஒரு தீர்க்கதரிசி வழியாக. சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் சபைத் தலைவரை அவர்கள் அப்படித்தான் மதிக்கிறார்கள். குவேக்கருக்கு, ஒவ்வொருவர் உள்ளத்திலும். யோவான் எழுதிய 'எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளி'யை அவர்கள் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார்கள். பெந்தெகொஸ்தேயினருக்கு, ஆவியின் அபிஷேகம் இறங்கியவர் நாவிலேயே.

தீர்க்கதரிசி இருந்தால் புதிய வேதமும் வரும், அடுக்கடுக்கான நிர்வாகமும் வரும். எல்லாருக்குள்ளும் ஒளி இருந்தால் பாதிரியாரே வேண்டாம். ஆவி நாவில் இறங்கினால் ஆராதனை அமைதியாக இருக்காது. அவ்வளவுதான் சூட்சுமம்.

குவேக்கர்கள் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்களாமே? அதுவா ஆராதனை?

அதேதான். இங்கிலாந்தில் ஒரு முறை போய் உட்கார்ந்திருக்கிறேன். பீடம் இல்லை, சிலுவை இல்லை, பாட்டுப் புத்தகம் இல்லை. பெஞ்சுகளை நடுவில் ஒரு மேசையைப் பார்த்தபடி சதுரமாகப் போட்டிருந்தார்கள். மேசையில் ஒரு பூச்சாடி. முதல் கால் மணி நேரம் என் வயிறு இரைவது எனக்கே சத்தமாகக் கேட்டது. அரை மணி நேரம் கழித்து ஒரு பாட்டி எழுந்து, பக்கத்து வீட்டுக்காரரோடு நடந்த சண்டையைப் பற்றி நான்கே வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் தலையாட்டவில்லை, ஆமென் சொல்லவில்லை. மறுபடி மௌனம். கடைசியில் மூத்தவர் இருவர் கைகுலுக்கிக்கொள்ள, கூட்டம் முடிந்தது. அப்புறம் தேநீரும் பிஸ்கட்டும்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தோன்றியதையெல்லாம் எழுந்து பேசிவிடக் கூடாது. இது என் பேச்சா, எனக்குள் தூண்டப்பட்ட பேச்சா என்று சோதித்துப் பார்த்துத்தான் எழ வேண்டும். நிர்வாகக் கூட்டத்திலும் இதே முறைதான். வாக்கெடுப்பு கிடையாது. கூட்டத்தின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுத்தர் உணர்ந்து எழுதி வாசிப்பார், மற்றவர்கள் ஒப்புக்கொண்டால் அதுவே தீர்மானம். ஒத்துவராவிட்டால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போடுவார்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு இது தண்டனை.

எல்லாக் குவேக்கர்களும் மௌனிகள் என்று மட்டும் எண்ண வேண்டாம். உலகிலேயே அதிகக் குவேக்கர்கள் இருப்பது கென்யாவில். 1902இல் அமெரிக்க மிஷனரிகள் கைமோசியில் தொடங்கிய வேலை அது. அங்கே பாஸ்டரும் உண்டு, பிரசங்கமும் உண்டு, பாட்டு அமர்க்களப்படும்.

அந்நிய பாஷை பேசுவது பெந்தெகொஸ்தே சபைகளுக்கு மட்டும் உரியதா?

ஆவியின் ஏவுதலால், தான் கற்காத மொழியில் பேசுவதுதான் அந்நிய பாஷை. ஆரம்ப கால மார்மன்களும் அப்படிப் பேசினார்கள் என்றால் நம்புவீர்களா? பின்னாளில் அவர்களை சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு நடத்திச் சென்ற பிரிகம் யங், சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தை முதன்முதலில் சந்தித்த நாளிலேயே அந்நிய பாஷையில் ஜெபித்ததாக அவர்கள் வரலாறே சொல்கிறது. அந்த வரம் இன்றும் அவர்கள் விசுவாசப் பிரமாணத்தில் இருக்கிறது. ஆனால் இப்போது, வெளிநாட்டுக்குப் போகும் இளம் மிஷனரி அந்த ஊர் மொழியைச் சீக்கிரம் கற்றுக்கொள்வதையே பெரும்பாலும் அப்படிச் சொல்கிறார்கள். குவேக்கர் என்ற பெயரே 'நடுங்குகிறவர்' என்ற கேலிதான். தொடக்க காலக் கூட்டங்களில் உடல் நடுங்கியவர்கள் இருந்தார்கள்.

பெந்தெகொஸ்தேயினரின் புதுமை, அந்நிய பாஷையை ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் அடையாளம் ஆக்கியது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் டொபீக்கா நகரில், 1901ஆம் ஆண்டின் முதல் நாளில், சார்ல்ஸ் பர்ஹாம் நடத்திய வேதாகமப் பள்ளியின் மாணவி ஒருவர் அப்படிப் பேசியதிலிருந்து கணக்கு வைப்பார்கள். ஆனால் நெருப்பைப் பரப்பியவர் வில்லியம் சீமோர். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினத்தவர். ஹூஸ்டனில் பர்ஹாமின் வகுப்பில் வெள்ளையரோடு உட்கார முடியாததால், திறந்த கதவுக்கு வெளியே நடையில் அமர்ந்து பாடம் கேட்டவர். அவர்தான் 1906இல் லாஸ் ஏஞ்சலிஸின் அசூசா தெருவில், குதிரை லாயமாகக் கிடந்த பழைய கட்டடத்தில் கூட்டம் தொடங்கினார். கறுப்பர், வெள்ளையர், மெக்சிகர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் முழங்காலிட்டார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் பாஷையைவிட அதுதான் பெரிய அற்புதம் என்பது என் எண்ணம்.

நம் பக்கம் இது இன்னும் முந்தியே வந்துவிட்டது. 1860இல் அருளப்பன் என்ற தமிழ் ஊழியரைச் சுற்றி, திருநெல்வேலிச் சீமையில் ஓர் எழுப்புதல், அதாவது பக்தி அலை, உண்டானது. தீர்க்கதரிசனம், அந்நிய பாஷை இரண்டும் அதில் இருந்தன. 1905இல் புனே அருகே கேட்கானில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனிலும் எழுப்புதல் நடந்தது. ஆகவே எல்லாம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

மார்மன்கள் டீ குடிக்கக் கூடாது என்பது உண்மையா?

உண்மைதான். 1833இல் ஜோசப் ஸ்மித் தமக்குக் கிடைத்ததாக அறிவித்த 'ஞான வார்த்தை'யில் மது, புகையிலையோடு 'சூடான பானங்களும்' விலக்கப்பட்டன. அது காபியையும் டீயையும் குறிக்கும் என்பது சபையின் விளக்கம். சூடுதான் பாவம் என்றால் ரசமும் போச்சே! அப்படி இல்லை, மூலிகைப் பானங்கள் குடிக்கலாம். நம் சுக்குக் காபியில் காபித்தூள் போடாதவரை, பெயரில் மட்டும்தான் சிக்கல். கோலாவுக்கும் தடை இல்லை.

மது கூடாது என்பதால் திருவிருந்திலும் அப்பத்தோடு திராட்சரசம் இல்லை, வெறும் தண்ணீர். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் அதற்கான ஜெபத்தை எழுதியபடியே சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை தவறினால் பிஷப் சைகை காட்டுவார், மறுபடியும் சொல்ல வேண்டும். அந்த பிஷப்பும் சம்பளக்காரர் அல்ல. வார நாளில் வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்ப்பவராக இருப்பார்.

குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவன் நான். இவர்கள் அதை ஏற்பார்களா?

பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஏற்க மாட்டார். விவரம் தெரிந்த வயதில் விசுவாசித்து, முழுக்கு எடுக்க வேண்டும் என்பார். மார்மன் சபையும் ஏற்காது. அங்கே எட்டு வயது ஆன பிறகுதான் ஞானஸ்நானம், அதுவும் அவர்களுடைய ஆசாரியத்துவ அதிகாரம் உள்ளவர் கொடுத்தால்தான் செல்லும். அவர்கள் கொடுப்பதைக் கத்தோலிக்கத் திருச்சபையும் ஏற்பதில்லை. 2001இல் வத்திக்கான் அப்படித் தீர்ப்புச் சொன்னது. காரணம், தண்ணீரோ வார்த்தையோ அல்ல, கடவுளைப் பற்றிய புரிதல். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனி நபர்கள், நோக்கத்தில் மட்டும் ஒன்று, பிதாவுக்கு மாம்சமும் எலும்பும் உண்டு என்பது மார்மன் போதனை. மூவரும் ஒரே கடவுள் என்ற திரியேகத்தில் ஊறியவர்களுக்கு இது தலைசுற்றும்.

மார்மன்கள் இறந்துபோன முன்னோருக்காகவும் உயிரோடிருப்பவரை முழுக்குவார்கள். 1 கொரிந்தியர் 15:29ஐ ஆதாரம் காட்டுவார்கள். வம்சாவளி தேடுவதில் அவர்களுக்கு இருக்கும் வெறி இதிலிருந்து வந்ததுதான்.

மௌனமாகக் கூடும் குவேக்கர்களிடம் உங்கள் கேள்வியே எடுபடாது. தண்ணீர் ஞானஸ்நானமும் இல்லை, திருவிருந்தும் இல்லை.

குவேக்கர்கள் அரசனையும் 'நீ' என்றார்களாம். மரியாதை தெரியாதவர்களா?

தமிழருக்கு இதை விளக்குவது சுலபம். அன்றைய ஆங்கிலத்திலும் 'நீ', 'நீங்கள்' என்று இரண்டு இருந்தன. பண்ணையாருக்கு ஒன்று, வேலைக்காரனுக்கு ஒன்று. கடவுளின் ஒளி இருவருக்குள்ளும் சமமாக இருக்கும்போது இதென்ன பேதம் என்று, குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் எல்லாரையும் 'நீ' என்றார், நீதிபதி முன்னும் தொப்பியைக் கழற்ற மறுத்தார். அடி விழுந்தது, சிறையும் கிடைத்தது. 'உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்' சொல்லச் சொன்ன இயேசுவை நம்பி நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மறுத்ததற்கு 1662இல் தனிச் சட்டமே வந்தது. வேடிக்கை என்னவென்றால், காலப்போக்கில் ஆங்கிலம் 'நீ'யை விட்டுவிட்டு எல்லாரையும் 'நீங்கள்' ஆக்கிக்கொண்டது.

குவேக்கர் ஓட்ஸ் அவர்களுடையதா?

இல்லை. பெயரும் படமும் மட்டும்தான். சாக்லேட் செய்த கேட்பரி குடும்பம் நிஜமான குவேக்கர்கள்.

வெளியாள் போய்ப் பார்க்கலாமா?

ஞாயிறு ஆராதனைக்கு மூவரும் வரவேற்பார்கள். மார்மன்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூடம் வேறு, ஆலயம் வேறு. ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தபின், அனுமதிச் சீட்டு உள்ள உறுப்பினர்தான் உள்ளே போகலாம். பெங்களூரில் ஒன்று கட்டப்போவதாக 2018இல் அறிவித்தார்கள். நம் ஊர்ப் பெந்தெகொஸ்தே சபை என்றால் செருப்பை வெளியே விட்டுவிட்டு, பாயில் உட்காரத் தயாராகப் போங்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தை நம்ப வேண்டாம். குவேக்கர் கூட்டத்துக்கு மட்டும் ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். பாதியில் நுழைந்தால் கதவு கிரீச்சிடுவது எல்லாருக்கும் கேட்கும்.