பாய்க்கப்பல்கள்: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (கல்லடி): ஐயா, 1602 இல் ஒல்லாந்தரான ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக்கு வந்தார் என்று படித்திருக்கிறோம். அவருடைய கப்பல்கள் வாவிக்குள்ளே வந்தனவா?

பதில்: வந்திருக்க வழியில்லை. பெருங்கடல் கடந்து வந்த அக்காலக் கப்பல்கள் மிதப்பதற்குச் சில மீற்றர் ஆழமாவது வேண்டும். நமது முகத்துவாரமோ மாரி வெள்ளம் பாயும்போது அகன்று, கோடையில் மணலால் தூர்ந்துபோகும் இயல்புடையது. ஆகவே இத்தகைய இடங்களில் கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் படகுகளில் வந்துபோவதே வழக்கம். பாய்மரத்தையும் மேற்பாயையும் களையாமல், பாரத்தையும் குறைக்காமல் பெருங்கலங்கள் காவிரி கடலோடு கலக்கும் புகார்த் துறைமுகத்துக்குள் நுழைந்ததைப் புறநானூற்றின் 30ஆம் பாடல் சிறப்பித்துச் சொல்கிறது. பெரும்பாலான ஆற்றுவாய்களில் அது நடவாத காரியம் என்பதனாலேயே புலவர் அதைப் பாடத் தக்கதாகக் கண்டார் என்று நான் கருதுகிறேன்.

ஸ்பில்பேர்கன் வந்த காலமும் கவனிக்கத்தக்கது. மே மாத இறுதி என்பது கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கும் காலம். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் நமது கரையோரக் கடல் அடங்கியிருக்கும், நங்கூரம் இழுபட்டாலும் கப்பல் ஆழ்கடல் பக்கமே நகரும். மார்கழி வாடையில் நிலைமை நேர்மாறானது. கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றில் நங்கூரக் கயிறு அறுந்தால், கப்பலுக்கும் மணற்கரைக்கும் இடையே தடுப்பதற்கு எதுவும் இல்லை. நடுக்கடற் புயலைவிட இத்தகைய கரையையே பாய்க்கப்பலோட்டிகள் அதிகம் அஞ்சினார்கள்.

கேள்வி (வாழைச்சேனை): அப்படியானால் எதிர்க்காற்றில் பாய்க்கப்பல் முன்னேறவே முடியாதா?

பதில்: நேரே முடியாது, சாய்வாக முடியும். காற்றை ஒருமுறை வலப்பக்கமும் மறுமுறை இடப்பக்கமும் வாங்கிக்கொண்டு, கோணல் மாணலாக ஓடி, சிறிது சிறிதாகக் காற்று வரும் பக்கம் ஏறுவார்கள். எவ்வளவு ஏறலாம் என்பதைப் பாயின் அமைப்பே தீர்மானிக்கும். பாய்மரத்துக்குக் குறுக்கே பருமல் என்னும் பாய்தாங்கும் கழியைக் கட்டிச் சதுரப்பாய் தொங்கவிட்ட ஐரோப்பியக் கப்பல், காற்று வரும் திசையிலிருந்து ஏறத்தாழ 65 பாகைக்கு உள்ளே முகம் திருப்ப இயலாது. அதிலும் பக்கவாட்டில் அள்ளுண்டு போகும் தூரத்தைக் கழித்தால் மிஞ்சுவது மிகச் சொற்பம். அரபுக்கடலின் மரக்கலங்களில் இருந்ததைப் போன்ற முக்கோணப் பாய் காற்றுக்கு இன்னும் நெருங்கி ஓடும். ஆனால் அந்த நீண்ட பருமலை மறுபக்கம் மாற்றுவது ஆட்களைப் பிழிந்தெடுக்கும் வேலை. பின்காற்று ஆண்டுதோறும் தவறாமல் வரும் இந்து சமுத்திரத்தில், எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டுவதைவிடப் பருவம் மாறும்வரை துறைமுகத்தில் காத்திருப்பதே இலாபம் என்று வணிகர்கள் கண்டிருந்தார்கள்.

கேள்வி (கல்முனை): கப்பலின் வேகத்தை ஏன் 'நொட்' என்று சொல்கிறார்கள்?

பதில்: அது கயிற்றில் போட்ட முடிச்சு. ஓரத்தில் ஈயம் பதித்த முக்கோணப் பலகையைப் பின்புறமாகக் கடலில் எறிவார்கள். அது நீரில் நிமிர்ந்து நின்றுவிட, கப்பல் விலகிச் செல்லச் செல்லக் கயிறு உருளையிலிருந்து கழன்றோடும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகாரம் வடிந்து முடிவதற்குள் கைவழியே எத்தனை முடிச்சு ஓடியதோ, அதுவே வேகம். ஒரு நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர். மணற்கடிகாரத்தின் மணல் ஈரத்தில் கட்டிப்பட்டாலோ கயிறு நனைந்து சுருங்கினாலோ கணக்குப் பிசகும் என்பதால், இரண்டையும் அடிக்கடி சரிபார்ப்பது நல்ல மாலுமிக்கு அழகு.

கேள்வி (ஏறாவூர்): 'திருகோணமலை' என்ற பெயருடைய பழைய பிரித்தானியப் போர்க்கப்பல் திருகோணமலையில் கட்டப்பட்டதா?

பதில்: இல்லை. பம்பாயில் வாடியா குடும்பத்தினரின் மேற்பார்வையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1817 இல் கடலில் இறக்கப்பட்டது. இப்போது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்தபடியே பாதுகாக்கப்படுகிறது.

கேள்வி (அக்கரைப்பற்று): நம் நாட்டவர் கட்டிய பாய்க்கப்பல் எதுவும் தூரதேசம் போயிருக்கிறதா?

பதில்: வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' போயிருக்கிறது. வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். இரண்டு பாய்மரங்கள் கொண்ட அக்கப்பல் அத்திலாந்திக்கைக் கடந்து 1938 இல் மசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இயந்திரக் கப்பல்கள் கடலை முழுதாக ஆண்டுகொண்டிருந்த காலத்தில் நம்மவரின் கைத்திறன் அந்தப் பயணத்தைத் தாங்கியது என்பதை, கப்பற்கலை பற்றிப் பேசும் நம்மவர்களே போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை.