மட்டக்களப்பில் பவளத் தொட்டி: வாவித் தண்ணீர் சரிவருமா, மீனை எப்போது விடலாம்?

வீட்டில் உயிர்ப்பவளமும் கடல் மீனும் வளர்க்கும் தொட்டிக்கு வாவித் தண்ணீர் சரிவராது. மாரி மழைக்கு அதன் உப்பு இறங்கிவிடும். பவளத்துக்கோ ஒரு கிலோ நீருக்கு 35 கிராம் உப்பு நிலையாக வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் (நுண்சவ்வில் வடிகட்டிச் சுத்தமாக்கிய நீர்) செயற்கைக் கடலுப்பைக் கலவுங்கள்.

கல், மணல் போட்டபின் பொறுமைதான் முக்கியம். கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியா வளர 4 முதல் 6 கிழமை பிடிக்கும். நீரைச் சோதித்து அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டுமுன் மீன் விடவே வேண்டாம், பாவம், செத்துவிடும். பிறகு கோமாளி மீன் ஒரு சோடி போதும். பவளம் இன்னும் பிந்தட்டும்.

நம்மூர் வெக்கைக்கு நீர் 27 பாகையைத் தாண்டாமல் மின்விசிறி வையுங்கள். ஆவியான அளவுக்கு நன்னீரே விடவேண்டும், உப்புநீர் அல்ல. பாசிக்குடாவில் பவளம் உடைக்காதீர்கள், அது குற்றம்.