படிக்கப் போகிற பிள்ளையும் வீட்டுப் பணமும்: கேள்வி பதில்

வங்கியில் வெளிநாட்டுப் பணம் அனுப்பும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் நம்ம பக்கத்துக் குடும்பங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணாச்சி, மகளுக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்திருக்கிறது. ஆற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை உண்டு. கல்விக் கடனுக்கு வங்கி அதை ஈடாக எடுக்க மாட்டேன் என்கிறது. ஏன்? (அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தந்தை)

உங்கள் வயலில் ஒரு குறையும் இல்லை. கடன் திரும்பாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தை எடுத்து விற்க வங்கிகளுக்கு 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டம் வழி கொடுத்தது. விவசாய நிலத்துக்கு அது செல்லாது. பட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தமாக இருந்தும் மேலாளர் தயங்குவது அதனால்தான். வீடு, வீட்டுமனை, வைப்புத்தொகை எது இருந்தாலும் அதைக் காட்டுங்கள். வீடு இன்னும் தாத்தா பேரிலேயே கிடந்தால் வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை என்று மாதக்கணக்கில் இழுக்கும். கல்லூரிக் கடிதம் வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே தொடங்கிவிடுங்கள்.

நகையை வைத்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் நகைக்கடன் கல்விக் கடன் ஆகாது. கல்விக் கடன் வட்டிக்குப் பழைய வரிமுறையில் கிடைக்கிற கழிவு இதற்குக் கிடையாது. கல்விக் கடன் என்றால் படிப்பு முடிந்து சுமார் ஒரு வருஷம் வரை தவணை கட்டவும் வேண்டியதில்லை. நாலு வருஷத்துக்கு வீட்டு நகையைப் பூட்டிப்போடுவதை நான் சொல்லவே மாட்டேன்.

ஜெர்மனிக்கு இன்னொன்று. விசாவுக்காக முடக்கக் கணக்கில் ஒரு வருஷச் செலவைப் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது. மாதம் 992 யூரோதான் வெளியே வரும். பிள்ளை விமானத்திலிருந்து இறங்கிய அன்றைக்கே அது கைக்கு வந்துவிடாது. அங்கே ஒரு வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் மாதப் பணம் ஓடும். அதற்குள் வீட்டுக்காரர் முன்பணம் கேட்பார். மூன்று மாத வாடகை வரை கேட்க அங்கே சட்டமே இடம் கொடுக்கிறது. ஆகவே முதல் இரண்டு மாதத்துக்கான பணம் ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் அட்டை) தனியாக இருக்கட்டும்.

கணக்கில் என் பேர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பேர் முழுசாக இருக்கிறது. பிரச்சினை வருமா அண்ணாச்சி? (பாளையங்கோட்டை மாணவி)

வரும் தாயி. நம்ம ஊர் இனிஷியல் வெளிநாட்டு வங்கிக்குப் புரியாது. ஒரு தாளில் 'எஸ்', இன்னொரு தாளில் 'சுப்பையா' என்றிருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று அவர்களாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே வங்கிக் கணக்கையும் பான் அட்டையையும் மாற்றிவிடு. விசா மனுவுக்கு முன்பே முடித்துவிட வேண்டிய வேலை இது.

மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் அனுப்பினேன். சரியான தொகையைத்தான் கட்டினேன், ஆனால் இன்னும் பாக்கி இருக்கிறது என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. (வீரவநல்லூரிலிருந்து ஒரு தாய்)

பதறாதீர்கள் அம்மா, பணம் எங்கும் தொலையவில்லை. நம்ம வங்கிக்கும் கல்லூரி வங்கிக்கும் நடுவில் இன்னொரு வங்கி இருக்கும். அது தன் கூலியை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை அனுப்பும். படிவத்தில் 'கட்டணம் யாருடையது' என்று மூன்று கட்டங்கள் இருக்கும்: அனுப்புகிறவர், பெறுகிறவர், இருவரும். 'அனுப்புகிறவர்' என்பதில் குறியிட்டால் அந்தச் செலவு உங்கள் கணக்கில் தனியாகக் கழியும், கல்லூரிக்கு முழுத் தொகையும் போகும். இப்போது குறைந்ததை மட்டும் அனுப்புங்கள். மகனின் மாணவர் எண்ணைக் குறிப்பில் எழுத மறக்க வேண்டாம். எண் இல்லாத பணம் யாருடையது என்றே தெரியாமல் கல்லூரிக் கணக்கில் கிடக்கும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு வங்கி பிடிக்கும் வரி (டிசிஎஸ்) பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பும் 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் கிடையாது. கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கும் இல்லை. அந்த வரம்பு ஒவ்வொரு பான் எண்ணுக்கும் தனி. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் அவரவர் பணத்தை அவரவர் கணக்கிலிருந்து அனுப்பினால் ஆளுக்கு 10 லட்சம். மீறிப் பிடித்தாலும் அந்தப் பணம் போய்விடாது, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

மான்செஸ்டருக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஊர் கார்டு ஏடிஎம்மில் வேலை செய்யவில்லை, ஓடிபியும் வரவில்லை. (தென்காசி மாணவர்)

தம்பி, 2020-லிருந்து நம்ம கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்துதான் வருகின்றன. வங்கிச் செயலிக்குள் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீயே திறக்க வேண்டும். ஓடிபி வராததற்கு ஊர் சிம்மில் ரோமிங் திறக்காதது காரணமாக இருக்கலாம், ரீசார்ஜ் முடிந்திருக்கலாம். இரண்டையும் அப்பாவை விட்டு ஊரிலேயே சரிபார்க்கச் சொல். மாதாமாதம் அந்த ரீசார்ஜ் அப்பா பொறுப்பு.

அப்புறம், ஏடிஎம் திரையில் 'ரூபாயில் கழிக்கவா, பவுண்டிலா' என்று கேட்கும். ரூபாய்க் கணக்கு கண்ணுக்குப் பழகியதாகத் தெரியும். அதைத் தொடாதே, பவுண்டையே அழுத்து. ரூபாயை அழுத்தினால் மாற்று விலையை அந்த ஏடிஎம்காரர் வைப்பார், அது எப்போதும் உனக்கு நஷ்டம்தான்.

மகன் போனபின் அவன் சேமிப்புக் கணக்கு அப்படியே இருக்கலாமா? (நாங்குநேரி)

கூடாது. படிக்கப் போகிறவரையும் 2003-லிருந்து ரிசர்வ் வங்கி வெளிநாடு வாழ் இந்தியராகத்தான் கருதுகிறது. கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்கு) மாற்றிவிடுங்கள். வாங்கிய கல்விக் கடனுக்கு இதனால் பாதிப்பில்லை. புறப்படுமுன் உங்கள் பேருக்குப் பவர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தவணை, காப்பீடு மாதிரி உள்ளூர்க் கொடுக்கல்களை நீங்களே பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் அவன் கையெழுத்துக்காகக் காத்துக்கிடக்க வேண்டாம்.

துபாயில் இருக்கும் மச்சான் உண்டியலில் (வங்கி வழியில்லாத ஹவாலா முறையில்) அனுப்பித் தருகிறேன் என்கிறார், விலையும் கூடக் கிடைக்கிறது. (கடையநல்லூர்)

வேண்டாம். அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாப்படி அது சட்டவிரோதம். அதோடு, 'இந்தப் பணம் எங்கிருந்து வந்தது' என்று விசா அதிகாரி கேட்டால் காட்ட ஒரு ரசீதும் இருக்காது. மச்சான் உதவ நினைத்தால் அங்குள்ள தன் வங்கியிலிருந்து நேராகக் கல்லூரிக்கே கட்டட்டும். அது முழுக்கச் சட்டப்படியானது.

கையில் எவ்வளவு டாலர் கொண்டுபோகலாம்? (வள்ளியூர்)

பெரும்பாலான நாடுகளுக்கு நோட்டாக 3,000 டாலர் வரை. மீதியைக் கார்டில் ஏற்றிக்கொள்.

கூடப் படிக்கிற ஒருவன் 'உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, 100 பவுண்ட் தருகிறேன்' என்கிறான். (லண்டனில் இருக்கும் மேலப்பாளையம் மாணவர்)

தொடவே தொடாதே தம்பி. ஏமாற்றிப் பறித்த பணத்தைக் கைமாற்ற இந்த மாதிரி மாணவர் கணக்குகளைத்தான் தேடுவார்கள். பிரிட்டனில் இதற்கு 14 வருஷம் வரை சிறை உண்டு. கணக்கு மூடப்படும், அப்புறம் வேறு வங்கியில் திறப்பதும் கஷ்டம், விசாவும் ஆபத்தில் விழும். ஏற்கெனவே பணம் வந்திருந்தால் எடுக்காதே, அவனுக்கே திருப்பியும் அனுப்பாதே. இன்றைக்கே உன் வங்கிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் சொல்லி வை. வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்காதே. அப்பாவிடம் பேசப் பயமாக இருந்தால் எனக்கு எழுது, நான் பேசுகிறேன்.